தலைக்குத் தண்ணீர் கூடாது

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை மத்தியானம்.

மன்னிக்கு மீனாக்ஷி எழுதிக்கொள்வது.

காகிதத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி போடப் போன பேனாவை அப்படியே நிறுத்திவிட்டேன். தீட்டில் போடலாமா கூடாதா, தெரியவில்லை. நமஸ்காரம் என்று தொடங்கலாம் என்றால் தீட்டில் நமஸ்காரம் கிடையாது. க்ஷேமமா என்று கேட்டால் உங்களுக்கு என்னை ஓங்கி அறையத்தான் தோன்றும். அண்ணா போய் இன்று நாலாவது நாள். அவருடைய தம்பி பெண்டாட்டி நூறணிக்கு ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழாமல், இங்கே மேஜை போட்டு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். இப்படி ஒரு கடிதத்தை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

திங்கட்கிழமைக்குப் பிறகு நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னால் பேச முடியாது என்பது வேறு விஷயம். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். பாண்டிக்குடியில், மாடியில், இரண்டே அறை. இவர் கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு முன்னறை நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். கண் மங்க மங்கக் காது கூர்மையாகிவிட்டது. அடுக்களையில் நான் பெருமூச்சு விட்டால் அங்கிருந்து என்ன என்று கேட்கிறார். ஆக, பேச்சுக்குத்தான் வழியில்லை, எழுத்துக்கு உண்டு. அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். கீழ் வீட்டு ஸ்நேஹாவின் அம்மாவுக்குக் கடுமாங்காய் ஊறுகாய்ப் பக்குவம் எழுதுகிறேன் என்றேன். கடுகைத் தாராளமாகப் போடச் சொல்லு என்றார்.

திங்கட்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே எங்களை உட்கார வைத்திருந்தார்கள். இவருக்கு நீலத் தொப்பி மாட்டி, சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். அப்போதுதான் உங்கள் போன் வந்தது. நீங்கள் அழவில்லை. அண்ணா விடியற்காலையில் காபி குடித்துவிட்டு மறுபடி படுத்தார், எழுந்திருக்கவில்லை, ராமனை உடனே கூட்டிக்கொண்டு வா, கொள்ளி வைக்க அவனை விட்டால் யார் என்றீர்கள். நான் எழுந்து மாடிப்படிப் பக்கம் போனேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். இவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சொன்னபடி கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சொன்னால் எழுந்து வந்துவிடுவார், நான் சொல்ல மாட்டேன் மன்னி என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உன் ஆத்துக்காரருக்குக் கண் வேணும், என் ஆத்துக்காரருக்குக் கொள்ளி வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து, ராமபத்ரன்றெ கூடெ ஆரா என்று கூப்பிட்டாள். கூட வந்திருப்பது நான்தான் என்று கையைத் தூக்கினேன். போனில் யார் என்று இவர் கேட்டார். பேங்க்காரர்கள், லோன் வேண்டுமா என்று தொந்தரவு பண்ணுகிறார்கள் என்றேன். இவரை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்ணாவுக்குக் கொள்ளி வேண்டும்தான். பிள்ளை இல்லாத மனிதருக்குக் கூடப்பிறந்த தம்பி இருக்கும்போது, நீங்கள் உங்கள் கையால் தர்ப்பைப் புல்லை எடுத்துக் கொடுத்து, எனக்காக நீ செய் என்று சேகரிபுரம் சித்தப்பா பிள்ளையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கேள்விப்பட்டேன். அந்தப் புல்லை நீட்டும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ஆனாலும் மன்னி, இந்தக் கண்ணின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். பாதி உங்களுக்குத் தெரியும். மீதியை நாங்கள் சொல்லவில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்று டாக்டர் முதலில் சொன்னபோது இரண்டு கண்ணிலும் ஓரளவு பார்வை இருந்தது. இவர் அண்ணாவைக் கேட்டார். நன்னா முத்தட்டும்டா, முத்தினாத்தான் சுகமா எடுக்க வரும் என்று அண்ணா சொல்லிவிட்டார். அதெல்லாம் அந்தக் காலத்து வைத்தியம், இப்போது முற்றும்வரை விடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும், அண்ணா சொல்லியாச்சே! பிறகு ஆடி பிறந்து கர்க்கடக மழை வந்தது. மழையில் கண்ணைக் கீறினால் சீழ் பிடிக்கும் என்று இவர் வேலை பார்த்த கம்பெனியில் யாரோ சொன்னார்களாம். மழை விட்டதும் மாமனார் ஸ்ராத்தம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் விடக் கூடாதாம், தலை முழுகாமல் எப்படி ஸ்ராத்தம் செய்வது என்றார். அது முடிந்தால் ஆவணி அவிட்டம், அதுவும் முடிந்தால் சபரிமலை மண்டல விரதம். நம் வீடுகளில் தலை முழுக வேண்டாத மாதம் என்று ஒன்று உண்டா, சொல்லுங்கள்.

ஒரு தடவை எல்லாம் கூடி வந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டோம். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் நாள் கல்யாண வீட்டில் பால் பாயசத்தை இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. இன்னொரு தடவை எனக்கு முட்டியில் வீக்கம், துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அபிராம் ஜெர்மனியிலிருந்து வந்து கூட நிற்கிறேன் என்றான். பெற்ற பிள்ளை வருகிறேன் என்கிறான் என்று ஒரு வருஷம் காத்திருந்தோம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் அப்புறம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த அப்புறத்தில் வலது கண் போயிற்று. போன மண்டலத்தின்போது ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பித்தம் என்று நினைத்துச் சுக்கு வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். முற்றிய புரை உள்ளே கசிந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது என்று மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களுக்கு வலது கண் கொஞ்சம் மங்கல் என்று மட்டும் சொன்னோம். அண்ணா மனசு கஷ்டப்படுவார், தான் சொன்னதால்தான் என்று நினைப்பார் என்று இவர் என் வாயைக் கட்டிவிட்டார். பிறகு இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஓணம் கழியட்டுமே என்று இவர் இழுத்தார். ஓணத்துக்குப் பூக்களம் பார்க்கக் கண் இருக்காது, பரவாயில்லையா என்று இப்போது பார்க்கிற டாக்டர் பெண் கேட்டாள். அதற்குப் பிறகுதான் தேதி வாங்கினோம். அண்ணாவிடம் முன்னால் சொல்ல வேண்டாம், முடிந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று இவராகவே சொன்னார். எனக்குத் தெரிந்து அண்ணாவைக் கேட்காமல் இவர் செய்த முதல் காரியம் இதுதான்.

அந்த ஒரு காரியத்துக்கும் அண்ணா குறுக்கே வந்து நின்றுவிட்டார் என்று எழுதினால் அது பாவம். எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

இப்போது என் அவஸ்தையைக் கேளுங்கள். சாவுச் செய்தி காதில் விழுந்தவருக்குத்தான் தீட்டு, விழாதவருக்கு இல்லை என்கிறார்கள். அப்படியானால் இந்த வீட்டில் எனக்குத் தீட்டு, இவருக்கு இல்லை. நான் வார்க்கிற தோசையை இவர் சாப்பிடலாமா? நான் தொட்டுக் கண்ணுக்கு மருந்து விடலாமா? விடாவிட்டால் வேறு யார் விடுவார்கள்? திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் இவரைப் படுக்க வைத்துவிட்டுத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். இந்த வேளையில் என்ன குளியல் என்று சத்தம் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த தீட்டு என்றேன். விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். டாக்டர் புகை ஆகாது என்றிருக்கிறார் என்று சொன்னேன். ஒரு திரி விளக்கில் என்ன புகை என்றார். 

நேற்று இங்கே நம்மவர்களின் சமூக மடத்திலிருந்து வெங்கிடராமன் மாமாவும் மாமியும் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். மாடிப்படியில் பாதியிலேயே மடக்கி, வாயில் விரலை வைத்துக் கெஞ்சினேன். மாமி, சொல்லிடுங்கோ, மறைக்கறது தப்பு என்றாள். மாமா, கூடவே கூடாது, கண்ணாக்கும் என்றார். கிசுகிசுப்பாகவே இரண்டு பேருக்கும் படிக்கட்டில் சண்டை முற்றிவிட்டது. மேலேயிருந்து இவர் யாரது என்றார். பால்காரர் என்றேன். பால்காரர் காலையிலேயே வந்துவிட்டுப் போய்விட்டார் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

கீழ் வீட்டுக்குப் போய் அங்கிருந்து புரோகித வாத்தியாரைப் போனில் கூப்பிட்டேன். செய்தி கேட்ட மாத்திரத்தில் ஸ்நானம் பண்ணணும், ஆனா உடம்பு முடியாதவா கழுத்துக்குக் கீழே குளிச்சுத் தலையை ஈரத் துணியாலே துடைச்சாப் போறும், சாஸ்திரம் ஒத்துக்கும் என்றார். சாஸ்திரம் ஒத்துக்கொள்ளும். இவர் ஒத்துக்கொள்வாரா? அத்தை போன செய்தி வந்தபோது காய்ச்சலோடு குளத்தில் முங்கி எழுந்தவர். இது அண்ணா. குடம் குடமாகத் தலையில் கொட்டிக்கொள்வார், என் கையைத் தட்டிவிடுவார். தலையில் வெள்ளம் வீழருது கேட்டோ அம்மே, தலையில் தண்ணீர் விழவே கூடாது என்று நர்ஸ் பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருக்கிறாள். அழுக்குத் தண்ணீர் காயத்தில் இறங்கிப் பழுத்துவிட்டால் இருக்கிற இந்த ஒற்றைக் கண்ணும் போய்விடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அபிராமைக் கேட்டால், அப்பா குழந்தை இல்லை, சொல்லிவிடு அம்மா என்று ஒரு நாள் சொல்கிறான். மறுநாள், வேண்டாம், பொறு என்கிறான். என்னைவிட அவனுக்குக் குழப்பம்.

இவர் தினமும் அண்ணாவிடம் பேச வேண்டும் என்கிறார். அண்ணாவின் போன் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கண் போனாலும் அண்ணாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்திருப்பாரே என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே, அந்தக் கண்ணால் வந்து எந்த முகத்தைப் பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. எது சரி என்று எனக்கு விளங்கவில்லை மன்னி. ராத்திரி ஒன்று சரியாகப் படுகிறது, காபி போடும்போது அது தப்பாகிவிடுகிறது.

மருந்து விடும் நேரமாகிவிட்டது, கூப்பிடுகிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம்.

மன்னி, இதைக் கீழ் வீட்டில் ஸ்நேஹாவின் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடியில் இனி எழுத முடியாது. இவருக்குக் கண் தெரிகிறது.

முற்றிய புரையை எடுத்ததால் கண்ணுக்குள் வீக்கம் இருக்கும், அது வற்றும்வரை மூடியை எடுத்தாலும் பனிமூட்டமாகத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். இன்று காலை காட்டப் போனோம். டாக்டர் பெண் பலகையைக் காட்டினாள். மேல் வரியைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பொடி எழுத்து வரைக்கும் இறங்கி வந்துவிட்டார். போறும் அங்கிள் என்று அவளே நிறுத்தினாள். ஆட்டோவில் திரும்பும்போது ஒரு போர்டு விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். தோப்பும்படி வந்தது, சுள்ளிக்கல் வந்தது, செருப்புக் கடை, லாட்டரிக் கடை, கல்யாண மண்டபம், தேர்தலில் தோற்றுப்போன ஆளின் கிழிந்த போஸ்டர் எல்லாம் வந்தது. ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு வருஷமாக என் பக்கம் திரும்பினால் குரல் வந்த திசைக்குத்தான் திரும்புவார். இன்று முகத்தைப் பார்த்தார். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே, கண்ணெல்லாம் வீங்கியிருக்கே என்றார். வெங்காயம் என்றேன். சமையல் அறைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று திரும்பினேன். யாரு என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைதான். போனது யாரு என்றா கேட்கிறார் என்று பதறி, எந்த யாரு என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என் போனை வாங்கினார். எட்டப் பிடித்து, நம்பரெல்லாம் தெரியறதே என்றார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணா கூப்பிடும் நாள். அண்ணாவின் போன் இதற்குள் ரிப்பேராகி வந்திருக்கும், இந்தத் தடவை அவர் கூப்பிடும்வரை காத்திருக்கப் போவதில்லை, சாயங்காலம் நானே என் கையால் போடுவேன், கண்ணைத் திறந்துண்டு பேசறேன்னு அண்ணாகிட்டே சொல்லணும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. இவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமலிருக்க இப்படிச் சொல்லிக்கொள்கிறாரா, அல்லது நிஜமாகவே சந்தோஷத்தில் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நானே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எதிரில் போய் நின்றேன். இரண்டு தடவையும் மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பயம்தான். என்னைத் திட்டுவாரே என்ற பயம் இல்லை, திட்டட்டும். நான் சொன்னால் அடுத்த நிமிஷம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். கதவுக்கு வெளியே நின்று நான் கத்தினால் கேட்பாரா? இவரை நிறுத்த இந்த உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடிந்தது. அவர் போய்விட்டார். இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் மன்னி. உங்களுக்குக் கிடைக்க வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டவள், மறுபடியும் உங்களிடமே வந்து கையேந்துகிறேன். செய்தியை உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்ன கையோடு, ராமா, தலைக்குத் தண்ணீர் விடாதே, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு கிளம்பி வா என்று சொல்லுங்கள். மன்னி சொன்னதை இவர் மீற மாட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரயிலில் போகலாமா என்று டாக்டரிடம் வேறு எதற்கோ கேட்பதுபோலக் கேட்டு வைத்திருக்கிறேன், போகலாம் என்றாள். புதன்கிழமை பத்தாம் நாள். தம்பி விட வேண்டிய எள்ளும் தண்ணீரும் இவர் கையால் விழட்டும். அங்கே வந்ததும் என்னை வாசலிலேயே நிறுத்தி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். காலத்துக்கும் என்னோடு பேசாவிட்டாலும் சரி.

ஸ்நேஹா நாளைக் காலை வண்டியில் பாலக்காட்டுக் காலேஜுக்குத் திரும்புகிறாள். இதை அவளிடம் கொடுத்து, ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் கையில் சேர்க்கச் சொல்கிறேன். அவளுக்கு மலையாளம்தான் படிக்கத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. கவலைப்பட வேண்டாம்.

உங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயசில்லை. உங்களுக்கு மனசு திடமாக இருக்க வேண்டும் என்று, விளக்கில்லாத சாமி அலமாரிக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணாவின் போன் உங்களிடம்தானே இருக்கிறது? நாளைச் சாயங்காலம் அது அடிக்கும். எடுங்கள் மன்னி. எடுத்ததும் இவர் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மீனாக்ஷி